கூட்டைக் கலைத்த குரங்கும் கூடு கட்டித் தரும் காடும்

தமிழ்க் குழந்தைகளில் பலர் முதலில் கேட்கும் கூட்டுக் கதை, கூடு கலைந்த கதைதான். மழையில் நனைந்து நடுங்கும் குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொல்கிறது. சினந்த குரங்கு கூட்டைப் பிய்த்து எறிகிறது. மூடருக்கு அறிவுரை சொல்லாதே என்பது பாடம். பஞ்சதந்திர மரபில் வந்த இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறோம். சித்திரக்கதைப் புத்தகங்களில் இதற்கு நேர்மாறான கதை வருகிறது. குருவி கூடு கட்டப் புறப்படுகிறது. அணில் நார் தருகிறது, ஆடு மயிர் தருகிறது, சிலந்தி நூல் தருகிறது. அறிவுரை இருந்த இடத்தில் உதவி வந்து அமர்கிறது. குழந்தைக்கு இதுவே நல்ல கதை.

கூட்டைப் பாடுவது நமக்குப் புதிதும் அன்று. குறுந்தொகையின் 85ஆம் பாடலில், சூல் முதிர்ந்த பேடை முட்டையிட இடம் அமைப்பதற்காக ஆண் குருவி கரும்பின் பூவைக் கோதி எடுக்கிறது. பாடியவர் வடமவண்ணக்கன் தாமோதரனார். அதே நூலின் 374ஆம் பாடலில் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு உவமையாகிறது. கூட்டைக் கூர்ந்து பார்த்த கண் நம்முடையது.

அச்சு நூல்களில் அந்தக் கண் மெல்லவே திறந்தது. 1947இல் அம்புலிமாமா வந்தது, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது, அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் வீடுதோறும் ஒலித்தன. அக்காலத்தில் பாட்டும் கதையும் முன்னே நடந்தன, படம் பின்னே வந்தது. படமே பாதிக் கதையைச் சொல்லும் புத்தகங்கள் பிறகுதான் பெருகின. சென்னையின் தாரா, 1996இல் அங்கே தொடங்கிய துலிகா, 2004இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம், தும்பி இதழ் எனக் களம் விரிந்தது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் தன் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்திருக்கிறது. கடைசிப் படிக்குப் பறவையின் வினையைச் சூட்டியது அழகு.

ஆனால் கூட்டுக் கதைகளின் குறை படத்தில் இருக்கிறது. பல புத்தகங்களில் பறவைக்கு இனமில்லை, மரத்துக்குப் பெயரில்லை. கிண்ணம் போன்ற ஒரே கூடு எல்லாப் பறவைக்கும் பொதுவாகிவிடுகிறது. ருஷ்ய எழுத்தாளர் வித்தாலி பியான்கி, வழி தவறிய தகைவிலான் குஞ்சு ஒன்றை ஒவ்வொரு பறவையின் வீட்டுக்கும் அனுப்பிக் கதை சொன்னார். கூட்டுக்குக் கூடு வேறுபாடு அதிலேயே விளங்கிவிடும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறுகின்றன. தேன்சிட்டு சிலந்தி வலையால் கூட்டைப் பிணைக்கிறது. தையல்சிட்டு பஞ்சை நூலாக்கி இலையைத் தைக்கிறது. கரிச்சான் காகத்தை விரட்டும் மரத்தில் மாங்குயில் கூடு கட்டிப் பாதுகாப்புப் பெறுகிறது. இவற்றில் எந்த உயிரும் தெரிந்து உதவுவதில்லை என்றாலும், ஒன்றின் உழைப்பு மற்றொன்றின் வீடாகிறது. கதாசிரியர் பொய் சொல்லவே வேண்டியதில்லை.

மனிதர் உதவிய கதையும் உண்டு. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரார் விளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தார்கள். இதைவிடச் சிறந்த சித்திரக்கதைக் கரு எங்கே கிடைக்கும்?

இவற்றையெல்லாம் களிமண் தொழில் ஊரான விருத்தாசலத்தை நினைத்துத்தான் எழுதுகிறேன். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண் இங்கே அகல்விளக்காகிறது, கொலு பொம்மையாகிறது, பியூஸ் கேரியராகிறது. தூக்கணாங்குருவியும் மண் அறிந்த பறவை. ஆண் குருவி புல்லால் கூட்டைப் பாதி பின்னி, உள்சுவரில் ஈரமண்ணை அப்பி வைக்கும். பேடை வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதி எழும்பும். தகைவிலானோ மண் உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி வீடு முடிக்கிறது. களிமண்ணின் பதம் கைக்குத் தெரிந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பறவைகள் தொழில் உறவினர்.

ஆகவே ஓவியர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டுக் கதையை வரையுமுன் விருத்தாசலத்து மணிமுத்தாற்றங்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரு பிடி மண்ணைக் கையில் கொடுத்துக் கூடு பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு பறவையின் பெயரோடும் மரத்தின் பெயரோடும் புத்தகம் போடுங்கள்.