மோட்டார் சைக்கிள் ஓட்டியின் உடை: கவசமா, வெறும் போர்வையா?

தடித்த தோல் ஜெர்கின், முழங்கையிலும் முட்டியிலும் திண்டு வைத்துத் தைத்த உடை, விரல்களை மூடும் கையுறை, கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ்—இவற்றை அணிந்து செல்லும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலையும் சில ஆயிரங்களுக்குக் குறைவதில்லை. 'விபத்திலிருந்து முழுப் பாதுகாப்பு' என்று விளம்பரம் கூறுகிறது. அக்கூற்றில் உண்மை எவ்வளவு? ஆராய்ந்து பார்ப்போம்.

இரண்டு வேறு ஆபத்துகள்

கீழே விழும் ஓட்டிக்கு நேரும் ஆபத்துகளை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒன்று, சாலையில் தேய்ந்துகொண்டே செல்வது. மற்றொன்று, எதன்மீதாவது மோதுவது.

மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். உடைக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டு கணக்கிடுங்கள். விழுந்தவர் சுமார் 20 மீட்டர் தூரம், ஏறக்குறைய இரண்டரை வினாடி நேரம் தேய்ந்து சென்ற பின்னரே நிற்பார். இந்த இரண்டரை வினாடியைத் தாங்கக்கூடிய துணி இருந்தால் தோல் தப்பும். சாதாரண ஜீன்ஸ் துணியோ, உராய்வுச் சோதனையில் ஒரு வினாடிக்குள்ளேயே ஓட்டையாகிவிடுவது வழக்கம்.

தரையில் விழும்போது ஏற்படும் செங்குத்து வேகம் வண்டியின் வேகத்தைப் பொறுத்ததன்று. விழும் உயரத்தையே பொறுத்தது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது மணிக்கு 16 கி.மீ. அளவே. தடையின்றித் தேய்ந்து நின்றவர் அதிவேகத்தில் விழுந்தும் எழுந்து நடப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் வழியில் ஒரு மரமோ, விளக்குக் கம்பமோ, எதிரே வரும் லாரியோ இருந்தால் கணக்கே மாறிவிடும். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் 70 கிலோ எடையுள்ளவரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9,700 ஜூல். அது முழுவதும் ஒரு நொடிப் பொழுதில் உடலுக்குள் இறங்குகிறது.

திண்டுகள் எதைத் தாங்கும்?

முழங்கை, முட்டித் திண்டுகளை ஐரோப்பியத் தரமுறை சோதிக்கும் விதத்தைப் பாருங்கள். திண்டின்மீது 50 ஜூல் ஆற்றலுடன் ஓர் எடையை விழச் செய்கிறார்கள். 5 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். மேலே சொன்ன 9,700 ஜூலில் இது ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு! அடியில் கடந்து வரும் சராசரி விசை 35 கிலோ நியூட்டனுக்கு மேற்படாவிட்டால் முதல் நிலைத் தேர்ச்சி. அதாவது, ஏறத்தாழ மூன்றரை டன் எடைக்குச் சமமான விசை கடந்து வந்தாலும் திண்டு தேறிவிடும். 20 கிலோ நியூட்டனுக்குள் அடக்கினால் இரண்டாம் நிலை.

சோதனை உலோகப் பட்டடையின்மீது நடக்கிறது. உடலின் சதை விசையைச் சிறிது தணிக்கும். ஆகவே இந்த எண்ணை எலும்பின் வலிமையோடு நேரடியாக ஒப்பிடுவது முறையாகாது. எனினும், எலும்பு முறிவைத் தடுக்கும் என்று உறுதி கூற இச்சோதனை போதாது என்பது தெளிவு.

விபத்துகள் கூறும் சான்று

சோதனைச்சாலையை விட்டுச் சாலைக்கு வருவோம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்த ஹர்ட் குழுவினரின் அறிக்கை 1981-இல் வெளிவந்தது. உறுதியான பூட்ஸ், ஜெர்கின், கையுறை ஆகியவை சிராய்ப்பையும் கிழிசல் காயங்களையும் குறைக்கின்றன. ஆனால் இத்தகைய காயங்கள் அடிக்கடி நேர்வனவாயினும் பெரும்பாலும் கடுமையானவை அல்ல என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 ஓட்டிகளை லிஸ் டி ரோம் என்னும் ஆய்வாளரின் குழு நேரில் கண்டு ஆராய்ந்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. தனி உடை அணியாதவருள் 100 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அதே எண்ணிக்கையினர் மோட்டார் சைக்கிள் ஜெர்கின் அணிந்திருக்கையில் 79 பேரும், அதற்கான கால்சட்டை அணிந்திருக்கையில் 49 பேரும், கையுறை அணிந்திருக்கையில் 41 பேருமே சேர்க்கப்பட்டனர். உடையில் திண்டு இருந்தபோது கை, கால், பாதக் காயங்கள் மேலும் குறைந்தன. ஆனால் திண்டுக்கும் எலும்பு முறிவுக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடலாகாது. கையில் பட்ட காயத்துக்காக மட்டும் மருத்துவமனையில் படுப்போர் சிலரே. அப்படியிருக்க, கையுறை எவ்வாறு சேர்க்கையைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கும்? கையுறை அணிபவர் இயல்பாகவே எச்சரிக்கை மிக்கவராக இருக்கலாம். வயது, வேகம் போன்றவற்றைப் புள்ளியியல் முறையால் ஓரளவு சரிசெய்யலாம். எச்சரிக்கை உணர்வை அளக்கக் கருவி ஏது? மேலும், கால்சட்டையைப் பற்றிய 49 என்ற எண்ணின் நம்பக எல்லை 25-லிருந்து 94 வரை விரிகிறது. பயன் உண்டு என்று கூறலாம். பாதியாகக் குறையும் என்று அடித்துச் சொல்ல இயலாது. இறந்தவர்களை நேரில் கண்டு பேசவும் முடியாதல்லவா?

இவ்வாய்வின் மிக முக்கியமான செய்தி வேறொன்று. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்து விற்கப்பட்ட உடைகளில், ஜெர்கின்களில் 29.7 சதவீதமும், கால்சட்டைகளில் 28.1 சதவீதமும், கையுறைகளில் 25.7 சதவீதமும் விபத்தில் கிழிந்தோ தேய்ந்தோ பயனற்றுப் போயின. பாதுகாப்பு என்று நம்பி வாங்கியவருள் நால்வரில் ஒருவருக்கு மேல் ஏமாந்திருக்கிறார்!

முத்திரையைப் படிக்கும் முறை

2020-இல் வெளியான ஐரோப்பியத் தரம் 17092 உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என வகுக்கிறது. சுழலும் கரங்களில் பொருத்திய துணித் துண்டுகளைக் கான்கிரீட் பலகையின்மீது இறக்கித் தேய்க்கிறார்கள். அதிகம் தேயும் பகுதிகளுக்குத் தொடக்க வேகம் ஏஏஏ வகையில் மணிக்கு 120 கி.மீ., ஏஏ வகையில் 70, ஏ வகையில் 45. பி வகை தேய்மானத்தைத் தாங்கும், திண்டு கிடையாது. சி வகையில் திண்டு மட்டுமே. தேய்மானப் பாதுகாப்பு இல்லை. ஆகவே 'தரச் சான்று பெற்றது' என்ற சொல் மட்டும் எதையும் தெரிவிப்பதில்லை. எந்த எழுத்து என்று கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018-இல் தொடங்கிய மோட்டோகேப் திட்டம் இன்னும் ஒரு படி மேலானது. கடைகளில் தாமே ரகசியமாக வாங்கிச் சோதித்து, நட்சத்திர மதிப்பு வழங்குகிறார்கள். ஐந்தில் ஒன்றிரண்டு நட்சத்திரங்களே பெற்ற உடைகள் அப்பட்டியலில் ஏராளம். வெப்பத்தில் அணிய ஏற்றதா என்பதற்கும் தனி மதிப்பு உண்டு. இது நமக்கும் பொருத்தமான கேள்வியே. சித்திரை வெயிலில் அணிய முடியாத கவசம் வீட்டு ஆணியில்தான் தொங்கும். ஆணியில் தொங்குவது யாரையும் காப்பதில்லை.

முடிவாக

நல்ல உடை தோலையும் சதையையும் காக்கும். கிருமித் தொற்றும் மாதக்கணக்கான வேதனையும் தராமல் தடுக்கும். அதற்காகவே அதை அணியலாம். ஆனால் மார்புக்குள் இருக்கும் உறுப்புகளையும், கம்பத்தில் மோதும் எலும்பையும் அது காக்கும் என்று நம்பி வேகத்தைக் கூட்டுபவர், துணி கொடுக்காத வாக்குறுதியைத் தாமே எழுதிக்கொள்கிறார். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்தீர்களே, அந்தப் பாடத்தை எந்தத் தையற்காரராலும் மாற்றித் தைக்க முடியாது.