புகார் மனுவில் ஏறாத கதைகள்

பெண்கள் எழுதிய புத்தகங்களுக்கு வரும் மதிப்புரைகளில் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: துணிச்சல். துணிச்சலான குரல், துணிச்சலான எழுத்து, துணிச்சலாகப் பதிவு செய்திருக்கிறார். என் முதல் கவிதைத் தொகுப்புக்கு வந்த மதிப்புரைகளிலும் அதுதான் இருந்தது. எந்தக் கவிதை கூடிவந்திருக்கிறது, எது பாதியிலேயே முடிந்திருக்க வேண்டியது என்று ஒருவரும் சொல்லவில்லை. குட்டி ரேவதி, சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரின் கவிதைகளை ஆபாசம் என்று வசைபாடி மிரட்டிய 2003ஐ ஒட்டிய நாட்களில் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலை இருந்தது. இருபது வருடம் கழித்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், புத்தகத்தைத் திறக்காமலே பாராட்டுகிறோமோ என்று சந்தேகம் வருகிறது.

கடந்த சில மாதங்களில் பெண்கள் எழுதிய நான்கு நாவல்களையும் ஒரு தன்வரலாற்றையும் படித்தேன். சில முதல் வாசிப்பு, சில மறுவாசிப்பு. அந்த ஒரு சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு அவற்றைப் பற்றி எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’. 1989இல் வந்தது. நன்னூல் சூத்திரத்தின் முதல் பாதியை மட்டும் தலைப்பாக எடுத்துக்கொண்டு, புதியன புகுவதைப் பற்றிய மறுபாதியை விட்டுவிட்ட நாவல். தங்கம் கணவனை இழந்த தலித் பெண். நிலக்காரரான உடையாரோடு அவளைச் சம்பந்தப்படுத்தி, அவருடைய மனைவியின் உறவினர்கள் அவளை அடித்து நொறுக்குகிறார்கள். தலித் தலைவரான காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். அவர் அவளுக்காகப் புகார் எழுதுகிறார். அந்த இடத்தை இந்த முறை மூன்று தடவை படித்தேன். தங்கம் சொன்ன கதை ஒன்று, மனுவில் ஏறும் கதை வேறொன்று. உடையாரோடான உறவு மனுவிலிருந்து காணாமல் போகிறது. மேல்சாதித் தெருவில் நடந்ததற்காக அடித்தார்கள் என்பது போல வழக்குக்கு வலுச் சேர்க்கும் கதை அந்த இடத்தில் வந்து உட்காருகிறது.

காத்தமுத்து பொய்யர் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட முடியாது. நிலமில்லாத ஒரு விதவையின் உடலுக்கு நேர்ந்ததைக் காவல் நிலையம் எந்த மொழியில் சொன்னால் காதில் வாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் இல்லாவிட்டால் மனுவே இல்லை. ஆனால் அவளுக்காகப் பேசும் அதே மனிதர் அவளுக்குக் கிடைத்த பணத்தைக் கைக்கொள்கிறார்; அவளையும் எடுத்துக்கொள்கிறார். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் உள்ள வீட்டில் தங்கம் மூன்றாமவளாகிறாள். சாதியின் அடியும் வீட்டு ஆணின் பிடியும் ஒரே பெண்ணின் மேல் விழுவதை இவ்வளவு அலட்டலில்லாமல் எழுதிய தமிழ் நாவல்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

குறை சொல்லாமல் விடமாட்டேன். தங்கம் அந்த வீட்டுக்குள் ஒருத்தியாகிவிட்ட பிறகு நாவல் அவளை விட்டு நகர்ந்துவிடுகிறது. மகள் கௌரியின் படிப்பும் இளைஞர்களின் அரசியலும் வரும் பகுதிகள் ஓட்டமும் நடையுமாக இருக்கின்றன. அவளுடைய கதைதான் என்று நம்பிப் பின்னால் வந்த வாசகிக்கு அது ஒரு கைவிடல்.

தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா என்று நாவல் வந்தபோது கேட்டார்கள். சிவகாமி அதற்கு மேடையில் பதில் சொல்வதோடு நிற்காமல் இன்னொரு புத்தகத்தையே எழுதினார். ‘ஆசிரியர் குறிப்பு’ என்ற அந்தப் பகுதியில், முதல் நாவலை எழுதியவளே அந்த ஊருக்குத் திரும்பிப் போய், தான் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் கேள்வி கேட்கிறாள். கலையாக முதல் நாவலின் பக்கத்தில் அது நிற்காது. வாதங்கள் கதையை அமுக்கிவிடுகின்றன. ஆனாலும் மாணவிகளுக்கு இரண்டையும் சேர்த்தே படிக்கச் சொல்கிறேன். தன் நாவலின் கடுமையான விமர்சகராக அதை எழுதியவரே இருக்க முடியும் என்றால், நாம் ஏன் பூச்சூட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

காத்தமுத்துவின் மனு என்னை விடவில்லை. மற்ற நான்கு புத்தகங்களையும் அதை வைத்தே படித்தேன். ஒரு பெண் சொன்னதை எடுத்து, வழக்குக்குத் தோதாக வெட்டி ஒட்டி, நம் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்கும் வேலையை விமர்சனமும் செய்கிறது.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’க்கு (2004) இது அதிகமாகவே நடந்தது. இருண்ட உலகத்தின் கதவைத் திறந்துவிட்டார் என்றார்கள். யாருக்குத் திறந்தார்? அந்த வீடுகளுக்குள் எட்டிப் பார்க்க ஏற்கெனவே ஆசைப்பட்டவர்களுக்கு அது வசதியான மனு. நாவலுக்குள் இருப்பது வேறு. பெண்கள் உட்கார்ந்து பேசும் பேச்சு, கேலி, கொச்சை, ஒருத்தி படுக்கையைப் பற்றி இன்னொருத்தி அடிக்கும் கிண்டல், அதற்குப் பின்னால் உள்ள பயம். சிறுமி ராபியாவின் கண் வழியாக வரும் பக்கங்கள்தான் இதில் உச்சம். அவளுக்குப் பாதி புரிகிறது, மீதி பாதியை வாசகி நிரப்புகிறாள்.

கணவனைப் பிரிந்து வந்த ஃபிர்தவ்ஸ் பக்கத்து வீட்டு சிவாவோடு கொள்ளும் உறவைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. எனக்கு அது நாவலின் பலவீனமான இழை. சிவா ஒரு ஆளாக உருப்பெறவே இல்லை. ஆனால் தன் மகளின் கையில் நஞ்சைக் கொடுக்கும் அந்தத் தாயை என்னால் மறக்க முடியவில்லை. அவள் கொடியவளில்லை. மகள் மேல் பாசமில்லாதவளுமில்லை. ஊரின் வாயை உள்ளே வாங்கி உள்ளே வாங்கி அதுவே தன் குரல் என்று ஆகிப்போனவள். ஒடுக்குபவர் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்டவர் மறுபக்கம் என்று எழுதும் மனுவில் இந்தத் தாயை எந்தப் பக்கம் வைப்பது? அதனால்தான் அவளைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. நீளம் பற்றியும் சொல்ல வேண்டும். பாத்திரங்கள் பெருகப் பெருகப் பல பெண்களின் மனதுக்குள் ஒரே குரல் கேட்கிறது. நூறு பக்கம் குறைந்திருந்தால் நாவலுக்கு நஷ்டமில்லை.

அவருடைய ‘மனாமியங்கள்’ (2016) எனக்கு ஏமாற்றம். கணவனின் மறுமணத்துக்குப் பிறகு அவனை விட்டு விலகும் மெஹரின் முடிவு கனமானது. ஆனால் முந்தைய நாவல் பேச்சிலும் சைகையிலும் விட்டுவைத்ததை இது விளக்கிச் சொல்கிறது. வாசகி நிரப்ப வேண்டிய இடத்தை நாவலே நிரப்பிவிடுகிறது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ 1936இல் வந்தது. தேவதாசி முறைக்குள்ளிருந்து வெளியேறி, அதை ஒழிக்கச் சுயமரியாதை இயக்கத்தில் பாடுபட்டவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர். அவருடைய வாழ்க்கையின் முன் எனக்குத் தலைவணங்கத்தான் தோன்றும். ஆனால் நாவலைப் படித்து முடிப்பது கஷ்டம். தற்செயல்களும் சூழ்ச்சிகளும் அடுக்கடுக்காக வருகின்றன; நடுவில் பக்கம் பக்கமாகச் சொற்பொழிவு. நல்ல பெண்கள் பேசினால் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பது போல இருக்கிறது. காந்தாவும் கானவதியும் வாயைத் திறந்தால்தான் பக்கத்துக்கு உயிர் வருகிறது. கெட்டவர்கள் என்று அவர் தீர்ப்பெழுதிய பெண்களைத்தான் அவர் கை நன்றாக அறிந்திருக்கிறது.

தலைப்பையே பாருங்கள். மோசவலை தாசிகளுடையது, மதி மைனருக்குக் கிடைக்கிறது. குற்றம் பெண்ணின் பேரில், திருந்தும் வாய்ப்பு ஆணின் பேரில். எஸ். ஆனந்தி போன்ற ஆய்வாளர்கள் இதைத் தீவிரமான அரசியல் பிரதியாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த வாசிப்பை மதிக்கிறேன். பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதியவருக்கு அந்தச் சட்டம்தான் முக்கியம், நாவல் கலை முக்கியமில்லை. இங்கே எழுத்தாளரே மனு எழுதுகிறார். வழக்கு ஜெயித்தது. மனுவில் எதிரியாகச் சேர்க்கப்பட்ட பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

கடைசியாகத் தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் 2016இல் வந்தது. வந்ததும் இரண்டு மனுக்கள் தயாராயின. ஒரு தரப்புக்கு அவர் துரோகி. இன்னொரு தரப்புக்கு, புலிகளைப் பற்றித் தாங்கள் முன்பே சொன்னதற்குச் சாட்சி. துணிச்சல் என்று பாராட்டியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் தரப்பு. எழுதியது அவர்தானா, வேறு கை புகுந்ததா என்ற கேள்வியும் எழுந்தது. இறந்தபின் வந்த நூலைப் பற்றி அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் பெண் தெளிவாக யோசித்து எழுதியவுடன் பின்னால் ஒரு ஆணைத் தேடும் பழைய வழக்கமும் அதில் கலந்திருந்தது.

எனக்குப் பட்டது இது: சிறை நாட்களை எழுதும் பக்கங்கள் அபாரம். வெலிக்கடையில் கூட இருந்த பெண்களைக் கோஷமில்லாமல், நிதானமாகப் பார்க்கிறார். துப்பாக்கி ஏந்தியதாலேயே பெண் விடுதலை வந்துவிடவில்லை என்று உள்ளிருந்தவர் சொல்லும்போது, வெளியிலிருந்து நாம் சொன்னதைவிட அதற்கு எடை கூடுகிறது. ஆனால் இயக்கத்தின் முடிவுகளைப் பற்றி எழுதும் இடங்களில் அவர் சற்றே தள்ளி நின்று பார்த்தவர் போலப் பேசுகிறார். அந்த முடிவுகளைக் கிராமத்துத் தாய்மாரிடம் கொண்டுபோன பொறுப்பில் இருந்தவர் அவர். அந்த வாசல்களில் என்ன பேசினார், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று இன்னும் படிக்க வேண்டும் போலிருந்தது. உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடமே கேட்டிருக்கலாம். அவரைத் துரோகி என்றவர்களும் தியாகி என்றவர்களும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், ‘பழையன கழிதலும்’ நாவலை ஆண்டுக்கு ஒரு முறை படிப்பேன். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் ராபியாவின் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்ப எடுப்பேன். ‘மனாமியங்க’ளை இன்னொரு முறை தொடமாட்டேன். ‘மோசவலை’யை வகுப்பில் நடத்துவேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் படிக்கமாட்டேன். தமிழினியின் நூலை, ஈழத்தைப் பற்றித் தீர்மானமான கருத்து உள்ள ஒவ்வொருவரிடமும் கொடுத்து, முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள் என்பேன்.

இதில் எது தப்பு என்று நினைக்கிறீர்களோ அதைச் சொல்லிச் சண்டை போடுங்கள். பெண்கள் எழுதியவற்றின் மேல் சண்டை போடும் பெண் வாசகர்கள் இன்னும் நிறைய வேண்டும். எழுதியவளை அடிக்க வருபவர்களைத் தடுப்பதும், அவள் எழுதிய பக்கத்தில் எது நிற்கவில்லை என்று சொல்வதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் நாம்தான் செய்ய வேண்டும்.