ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு

2006 டிசம்பர் 6. கன்சர்வேடிவ் யூதப் பிரிவின் சமயச் சட்டக் குழு நியூயார்க்கில் வாக்கெடுப்பு நடத்தியது. குழுவில் வாக்குரிமை உள்ள ராபிகள் (யூத சமய குருக்கள்) 25 பேர். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இணைந்து வாழ்வதைச் சமயம் ஏற்கலாமா, அப்படி வாழ்பவர் ராபியாகலாமா என்பது கேள்வி. கூடாது என்ற ஜோயல் ராத்தின் தீர்ப்புரைக்கு 13 வாக்குகள் விழுந்தன. ஆகலாம் என்று எலியட் டார்ஃப், டேனியல் நெவின்ஸ், அவ்ராம் ரைஸ்னர் மூவரும் எழுதிய தீர்ப்புரைக்கும் 13. கூட்டினால் 26 வருகிறது. எண்ணியதில் தவறில்லை, இரண்டுக்கும் சம்மதம் சொன்னவர் ஒருவராவது அங்கே இருந்திருக்கிறார்.

அந்தக் குழுவில் ஆறு வாக்கு கிடைத்தாலே ஒரு தீர்ப்புரை செல்லும். ஆகவே ஒன்றையொன்று வெட்டும் இரண்டும் அன்றே செல்லுபடியாயின. எந்தச் சபை எதைக் கைக்கொள்வது என்பது அந்தச் சபை ராபியின் பொறுப்பு. சிலருக்காவது சிகிச்சையால் பாலீர்ப்பை மாற்றலாம் என்ற மூன்றாவது தீர்ப்புரையும் சரியாக ஆறு வாக்கோடு கரையேறியது. ஆகலாம் என்ற தீர்ப்புரை செல்லுபடியானதை மனம் பொறுக்காமல் நான்கு உறுப்பினர்கள் விலகினார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் யூத சமயத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் இடம்பெற்ற கதையைப் படிக்க இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை. இரக்கமும் எதிர்ப்பும் எல்லாப் பிரிவிலும் இருந்தன. முடிவை நிர்ணயித்தது பெரும்பாலும் அந்தந்தப் பிரிவு சட்டத்தைக் கையாளும் முறைதான்.

சிக்கலின் வேர் யூதர்களின் மூல வேதமான தோராவில் உள்ள லேவியராகமம். அதன் 18, 20 ஆகிய அதிகாரங்கள் ஆண் ஆணோடு உறவு கொள்வதைத் தடுக்கின்றன. 20-ஆவது அதிகாரம் மரண தண்டனையையும் சொல்கிறது. மரபான யூத ஆலயங்களில் 18-ஆவது அதிகாரம் வாசிக்கப்படுவது யோம் கிப்பூர் பிற்பகலில். உண்ணாமல், நீர் அருந்தாமல், ஆண்டின் மிகப் புனிதமான நாளில் ஊரோடு உட்கார்ந்து தன்னைப் பற்றிய தடையைக் காதால் கேட்கும் இளைஞனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். பெண்களைப் பற்றித் தோராவில் நேரடியான வசனம் கிடையாது. பிற்காலச் சட்ட விளக்கங்கள் எகிப்தியரின் வழக்கங்களை விலக்கும் கட்டளைக்குள் பெண்களுக்கிடையிலான உறவைச் சேர்த்தன. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் அதைக் கண்டித்து, கசையடிக்கு உரியது என்று எழுதினார். ஆனால் ஆண்களுக்குரிய மரண தண்டனையோடு சேர்க்கவில்லை.

சமயச் சட்டம் வழிகாட்டுமே தவிரக் கட்டாயப்படுத்தாது என்பது ரிஃபார்ம் பிரிவின் நிலை. அதனால் அவர்களுக்குப் பாதை சற்று எளிது. 1972-இல் லாஸ் ஏஞ்சலஸில் தன்பாலீர்ப்பாளர்கள் தொடங்கிய பெத் ஹயீம் ஹதாஷீம் சபை 1974-இல் ரிஃபார்ம் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டது. தனிச் சபை அமைப்பதே தவறு என்று, அப்பிரிவின் மூத்த சட்ட அறிஞர் சாலமன் ஃப்ரீஹாஃப் எழுதியும் சேர்க்கை நிற்கவில்லை. நியூயார்க்கில் 1973-இல் உருவான பெத் சிம்ஹத் தோரா, தொடக்கத்தில் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தில் இடம் பெற்றுத் தொழுதது. எய்ட்ஸ் காலத்தில் அந்தச் சபை அடுத்தடுத்து உறுப்பினர்களைப் பறிகொடுத்தது. அதன் முதல் ராபியாக 1992-இல் வந்த ஷேரன் கிளைன்பாமின் ஆரம்ப ஆண்டுகளில் இறுதிச் சடங்குகளே பெரும்பங்கு. ராபிப் பயிற்சிக் கல்லூரிகளில் ரீகன்ஸ்ட்ரக்ஷனிஸ்ட் பிரிவு 1984-இல் கதவைத் திறந்தது. 1990-இல் ரிஃபார்ம் ராபிகளின் மாநாடும் அதை வழிமொழிந்தது.

கன்சர்வேடிவ் பிரிவு அப்படித் தாண்டிவிட முடியாது. அவர்களுக்குச் சமயச் சட்டம் கட்டுப்படுத்துவது. ஆனால் கால ஓட்டத்தில் வளரக்கூடியது. 1992-இல் அதே குழு, தன்பாலீர்ப்பாளர்களைச் சபையில் வரவேற்கலாம், ராபியாக்கக் கூடாது என்று முடித்திருந்தது. 2006-இல் டார்ஃப் குழுவினர் எடுத்த ஆயுதம் பழைய ராபிகளின் சட்டத் தொகுப்பான தல்மூதிலேயே கிடந்தது: மனித மாண்பு என்ற கொள்கை. மாண்புக்கு இழுக்கு வரும் இடத்தில் ராபிகள் விதித்த தடைகள் விலகலாம் என்பது பழைய நெறி. தோராவே நேரடியாகச் சொன்ன தடையை அதனால் அசைக்க முடியாது. ஆகவே அவர்கள் கத்தியை நுணுக்கமாக வைத்தார்கள். ஆண்களுக்கிடையிலான குதப்புணர்ச்சிக்கான தடை அப்படியே நின்றது. பின்னால் வந்த ராபிகள் அதைச் சுற்றி எழுப்பிய மற்ற தடைகள் விழுந்தன.

அரைகுறைத் தீர்வு என்று இரு தரப்பும் கடிந்துகொண்டன. படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கும் விடுதலை என்ன விடுதலை என்று கேட்டவர்களின் கோபம் நியாயமானதே. ஆயினும் வேலை செய்தது அந்த அரைகுறைதான். 2007 மார்ச்சில் நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரி தன்பாலீர்ப்பாளர்களைச் சேர்க்க முன்வந்தது. 2011-இல் ரேச்சல் ஐசக்ஸ் அங்கே ராபியானார்; வெளிப்படையாக லெஸ்பியனாக வாழ்ந்து அங்கே பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

திருமணத்தில் இன்னொரு முடிச்சு இருந்தது. மரபான யூதத் திருமணத்தில் ஆண் மோதிரம் தந்து பெண்ணைத் தனக்கென ஆக்கிக்கொள்கிறான். மணவிலக்குப் பத்திரமும் கணவன் கொடுத்தால்தான் உண்டு. அந்தச் சட்டகத்தில் இரண்டு பெண்களை எப்படிப் பொருத்துவது? விடை பெண்ணியத்திலிருந்து வந்தது. ஆண்-பெண் மணத்திலேயே சமத்துவம் தேடிய ரேச்சல் ஆட்லர், 1998-இல் வெளியான தன் நூலில் வணிகக் கூட்டாளிகளுக்கான தல்மூதுச் சட்டத்தை எடுத்து ஒரு சடங்கை வகுத்தார். இருவரும் தத்தம் பொருளை ஒரே பையில் போட்டு, பையைச் சேர்ந்து தூக்குவார்கள். அத்தோடு கூட்டு உறுதியாகிவிடும். யாரும் யாரையும் வாங்குவதில்லை. 2012-இல் கன்சர்வேடிவ் குழு தன்பாலினத் திருமணச் சடங்குகளுக்கு ஒப்புதல் தந்தபோது இந்தக் கூட்டாளிச் சட்டத்தையே அடித்தளமாகக் கொண்டது. கடைத்தெருச் சட்டம் மணப்பந்தலுக்கு வந்த கதை இது.

இஸ்ரேலில் நிலை விசித்திரமானது. தன்பாலுறவு 1988-இல் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. வெளிநாட்டில் முடித்த தன்பாலினத் திருமணங்களை அரசு பதிந்தாக வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் உள்நாட்டில் யூதத் திருமணம் மரபுவாத ஆர்த்தடாக்ஸ் ராபிகளின் கையில். எனவே மணமுடிக்கப் பல ஆண்டுகள் விமானம் ஏற வேண்டியிருந்தது.

ஆர்த்தடாக்ஸ் உலகில் மாற்றம் வேறு வகை. அங்கே சட்டம் அசையவில்லை. மனிதர்கள் பேசத் தொடங்கினார்கள். 1999-இல் தான் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்த ஸ்டீவன் கிரீன்பெர்க், யெஷிவா பல்கலைக்கழகத்தில் ராபிப் பட்டம் பெற்றவர். 2001-இல் சாண்டி டுபோவ்ஸ்கியின் ஆவணப்படம் பக்தியைக் கைவிடாத தன்பாலீர்ப்பாளர்களின் முகங்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2010-இல் ஆர்த்தடாக்ஸ் ராபிகளும் கல்வியாளர்களும் பலர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: தடை தொடரும், திருமணம் நடத்த மாட்டோம், ஆனால் அவமதிப்பு கூடாது, சிகிச்சைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களின் பிள்ளைகளைச் சபையும் பள்ளியும் ஏற்க வேண்டும். 2018-இல் பிரிட்டனின் தலைமை ராபி எஃப்ராயிம் மிர்விஸ் தம் பள்ளிகளுக்கு, தன்பாலீர்ப்புள்ள மாணவர்களைக் காக்கும் வழிகாட்டியை வெளியிட்டார்.

ராபிப் பட்டம் என்று வரும்போது அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. 2019-இல் நியூயார்க்கின் தாராளவாத ஆர்த்தடாக்ஸ் கல்லூரி ஒன்று, வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளரான டேனியல் ஆட்வுட் படிப்பை முடிக்கும் கட்டத்தில் பட்டம் தர மறுத்தது. ஜெருசலேமில் ராபி டேனியல் லாண்டஸ் அவருக்குப் பட்டம் அளித்தார். தயக்கம் பட்டத்தோடு நிற்கவில்லை. யெஷிவா பல்கலைக்கழகத்தில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான மாணவர் சங்கம் கேட்டு 2021-இல் தொடங்கிய வழக்கு, 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் வந்தது. 2025 மார்ச்சில் ‘ஹரெய்னி’ என்ற பெயரில் சங்கம் இயங்க உடன்பாடு ஏற்பட்டது. இரண்டே மாதத்தில், மே மாதம், பல்கலைக்கழகம் அந்தச் சங்கத்துக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.