மறைதலும் இயைதலும்: கந்தலம விடுதியும் யாழ்ப்பாணத்து மடமும்

கட்டடம் ஒன்றை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் அதன் முகப்பையே நோக்குவர். அது நிற்கும் நிலத்தை நோக்குவோர் சிலரே. ஆயினும், இயற்கை வனப்பைக் காண வருவோர்க்கென எழுப்பப்படும் விடுதியைப் பொறுத்தமட்டில் நிலமே முதற்பொருள். காண வந்த காட்சியைத் தங்க வந்த இடமே கெடுக்குமாயின், அவ்விடுதியால் யாது பயன்?

இவ்வுண்மையை உணர்ந்து நம் நாட்டில் எழுந்தவற்றுள் தலையாயது தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள கந்தலம விடுதி. இதனை வகுத்தவர், கொழும்பிற் பிறந்த கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919-2003). விடுதியமைக்க விரும்பிய நிறுவனத்தார் முதலிற் கருதிய இடம் சீகிரியாக் குன்றின் அருகில் இருந்தது. பாவா அதனை விரும்பவில்லை. பல கல் தொலைவிலுள்ள கந்தலமக் குளத்தின் கரையோரப் பாறைச் சரிவைத் தேர்ந்தார். அங்கிருந்து நோக்குவோர்க்கு நீர்ப்பரப்பிற்கு அப்பால் சீகிரியா தோன்றும். சீகிரியாவைக் காண வருவோர்க்கோ விடுதி இடையூறாகாது. கட்டடம் எழு முன்னரே செய்யப்பட்ட இத்தேர்வே அவ்வாக்கத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது எமது துணிபு.

1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்விடுதி, பாறையின் வளைவைத் தழுவி ஒரு கிலோமீற்றருக்குச் சற்றே குறைந்த நீளத்திற்குச் செல்கிறது. தூண்களின்மேல் உயர்ந்து நிற்பதால் மழைநீர் அதன் அடியிற் பாய்ந்து குளத்தை அடைகிறது. குகை வாயில் போன்ற முகப்பினுட் புகுந்து பாறையை ஒட்டிச் செல்வோர்க்குக் குளம் திடீரெனக் காட்சி தரும். தட்டைக் கூரைமீது செடிகள் வளர்கின்றன. புறச்சட்டங்களிற் கொடிகள் படர்கின்றன.

இது கட்டப்பட்ட காலத்தில் எதிர்ப்பும் எழாமலில்லை. கழிவுநீர் குளத்தைக் கெடுத்துவிடும் என்று பலர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. கழிவுநீரைத் தூய்மையாக்கித் தோட்டத்திற்குப் பயன்படுத்தும் ஏற்பாடு அங்கு உண்டு. அமெரிக்க நாட்டு 'லீட்' என்னும் சுற்றாடற் சான்றிதழை உலகில் மிக முற்படப் பெற்ற விடுதிகளுள் இதுவும் ஒன்று. எனினும், ஒரு குறை கூறுதல் தகும். கொடிகளை நீக்கிப் பார்ப்பின் எஞ்சுவது கொங்கிறீற்றுச் சட்டகமே. அது பாறையோடு பிறந்ததன்று; பாறையில் மறைந்து நிற்பது. மறைதல் வேறு, இயைதல் வேறு. பாவாவின் ஆக்கத்தில் இரண்டும் உள. அவரைப் பின்பற்றப் புகுவோரோ பெரும்பாலும் மறைக்கும் கொடியை மட்டுமே கைக்கொள்வர்.

இவ்வேறுபாடு யாழ்ப்பாணத்திற்கு மிக வேண்டுவதொன்று. 2009இற் போர் முடிந்தபின் இங்கு வருவோர் தொகை பெருகிற்று, விடுதிகளும் பெருகின. மறைந்து நிற்க இங்கே மலையில்லை. மணற்காட்டு மணற்குன்றுகளும், முருகைக்கல் மதில்கள் சூழ்ந்த நெடுந்தீவு வெளியும், பனைகளுமே எமது காட்சிகள். சமதரையில் உயர்ந்தெழும் கட்டடம் எதுவாயினும் நெடுந்தொலைவிற்குத் தெரியும்.

கண்ணுக்குப் புலப்படாத நிலமொன்றும் இங்குண்டு. வற்றாத ஆறு இல்லாத இக்குடாநாட்டில் மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருத்தல் இதற்குச் சான்று. அளவின்றி நீரிறைத்தால் உவர் மேலெழும். மலக்குழியின் கசிவோ அதே வெடிப்புகள் வழியே அயற்கிணற்றைச் சென்றடையும். எனவே, கூரையிற் கிடுகு வேய்ந்து சுவரிற் பனஞ்சிலாகை பதித்த விடுதியாயினும், ஊர்க்கிணற்றை உவராக்குமாயின் அது இந்நிலத்தோடு இயைந்ததாகாது.

இயைதலுக்கு எம்மிடமே முன்மாதிரி உண்டு. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் வழிப்போக்கருக்கென எழுந்தது. தெருவின் இருமருங்கும் திண்ணைகளும் கற்றூண்களும். தெருவையே மூடி நிற்கும் கூரை. நடப்பவன் வழியை விட்டு விலகாமலே நிழலை அடைகிறான். கல் இவ்வூர்க் கல். காற்று தடையின்றி உலாவும். கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் ஆகியன மடங்களோடு சேர்ந்தமைந்த காலத்தில், வருவோர் மனிதராயினும் மாடாயினும் அவர்க்கு வேண்டியது யாதென முன்னோர் எண்ணியே கட்டினர்.

மடத்தின் எளிமை இக்காலப் பயணிக்குப் போதுமோ என்று வினவலாம். போதாது. அவனுக்குக் குளியலறையும் மின்விசிறியும் வேண்டும். நாம் வேண்டுவது மடத்தின் உருவையன்று, அதன் முறையை: தாழ்ந்த கூரை, அகன்ற திண்ணை, குறுக்கே வீசும் காற்று, அளந்து எடுக்கும் நீர். மழைநீரைத் தொட்டியிற் சேர்த்தலும் கழிவுநீரைத் தூய்மையாக்கி மீளப் பயன்படுத்தலும் இதனோடு சேர்தல் வேண்டும். மணற்குன்றை வெட்டிச் சமப்படுத்தித் தளமிடுதலோ அறவே ஆகாது. குன்றை வெட்டியபின் அங்கு வருவோர் காண்பது எதனை?

ஆதலின், இக்குடாநாட்டில் ஒரு விடுதியின் வரைபடத்தை ஆராய்வோர், முகப்பை நோக்குமுன் இரு வினாக்களை வினவுக: நீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? இவற்றுக்குத் தக்க விடையளிக்கும் கட்டடம் சிறிது அழகிற் குறைந்ததாயினும் இம்மண்ணிற்கு உரியதே. விடையளிக்கமாட்டாதது எத்துணைப் பசுங்கொடி போர்த்து நிற்பினும் அயலதே.