சுண்டுவிரல் நகத்தளவு ரோம்

ரோமக் காசு என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பதித்த தங்கமும் வெள்ளியும்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரொட்டி வாங்கவும் குளியல் கூடத்தில் கொடுக்கவும் கைக்குக் கை மாறித் தேய்ந்தவை வெண்கலச் சில்லறைகள். அதிலும் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பொடிக்காசுகளுக்கே என் ஓட்டு.

டயோக்ளீஷியன் 294 வாக்கில் கொண்டுவந்த பெரிய வெண்கலக் காசு சுமார் 10 கிராம் எடை. நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். விலைவாசி ஏற ஏறக் காசு இளைத்தது. 330களில் இரண்டரை கிராம். நூற்றாண்டு முடிவில் ஒரு கிராம்கூடத் தேறாதவை ஏராளம். பேரரசின் பண நெருக்கடியைத் தராசில் வைத்தே படித்துவிடலாம். திண்டாடியவன் அச்சு வெட்டியவன்தான்: காசு சுருங்கினாலும் பேரரசர் முகம், பட்டம், தெய்வம், எழுத்து எதையும் அவன் விட முடியாது.

எனக்குப் பிடித்தது ஓநாய்க் காசு. கான்ஸ்டன்டைன் 330இல் புதுத் தலைநகரைத் திறந்துவைத்ததை ஒட்டி வெளியானது. பழைய தலைநகருக்கு மனக்குறை வரக்கூடாதே! முன்புறத்தில் பேரரசர் இல்லை. தலைக்கவசம் அணிந்த பெண்ணாக ரோமாபுரி. புரட்டினால் ஓநாய். வயிற்றின் கீழே ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டைக் குழந்தைகள். மேலே இரண்டு நட்சத்திரங்கள். ஓநாய் கழுத்தைத் திருப்பிக் குழந்தைகளைப் பார்க்கும் அந்த வளைவில்தான் கைத்திறன் தெரியும். நல்ல அச்சில் பிடரிமயிர் இழை இழையாக நிற்கும். அவசர அச்சில் தெருநாய்தான் நிற்கும். அடியில், கோட்டுக்குக் கீழே, அச்சடித்த ஊரின் சுருக்கெழுத்து: டி.ஆர். என்றால் ஜெர்மனியின் டிரியர், எஸ்.ஐ.எஸ். என்றால் சிஸ்கியா, இன்றைய குரோஷியாவின் சிசாக். எந்தப் பட்டறை என்பதற்கும் கூடவே ஓர் எழுத்து உண்டு. ஒரே ஓநாயை ஊர் ஊராகத் தேடிச் சேர்ப்பதில் ஓர் ஆயுள் போய்விடும்.

348இல் வந்த வரிசையில் 'நற்காலம் திரும்பியது' என்று லத்தீனில் பொறித்தார்கள். படத்தில் ரோமச் சிப்பாய், குதிரையிலிருந்து சரியும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். எதிரி ஒரு கையைப் பின்னால் நீட்டி உயிருக்கு மன்றாடுகிறான். அடுத்த பத்தாண்டில் அதே காட்சி இன்னும் சின்ன வட்டத்துக்குள் அடைபட்டது. நற்காலம் திரும்பிய லட்சணம் அது.

இந்தச் சில்லறை நம் பக்கமும் வந்தது. கரூர் அமராவதி மணலிலும் மதுரையிலும் கிடைத்திருக்கிறது. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றுக்கென்றே 1994இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அங்கே பார்த்துச் செய்த போலிகளும் உண்டு: எழுத்து வெறும் கோடாகிவிடும், முகம் நாலு புள்ளியாகிவிடும். சிலர் இவற்றை ஒதுக்குவார்கள். லத்தீன் தெரியாத கை ரோமை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி ஏது?

வெண்கலத்தின் மேல் காலம் பூசிய பச்சை, பழுப்புப் படலம்தான் இந்தக் காசுக்கு மேனி. அதன் மெருகில்தான் உருவம் எடுப்பாகத் தெரியும். அரிப்பிலிருந்து காப்பதும் அதுவே. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, மரக்குச்சியால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் அது படலம் அல்ல, நோய். காசை அரித்துத் தின்றுவிடும், உடனே கவனியுங்கள். மற்றபடி, வீட்டுப் பழைய பெட்டியில் இப்படியொரு காசு அகப்பட்டால் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். போன படலம் திரும்பாது.