பின்னணி இசை, ஆளுமை வகை, உடல் உழைப்பு: ஒரு திறனாய்வு

பின்னணி இசை புறமுகர்களின் (கலகலப்பை நாடுவோர்) செயல்திறனை உயர்த்தும், அகமுகர்களின் (தனிமையை விரும்புவோர்) செயல்திறனைக் குறைக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அதை உடற்பயிற்சிக்கும் தொழிற்கூட வேலைக்கும் அப்படியே பொருத்தலாமா என்பது இங்கு ஆராயப்படுகிறது.

கருத்தின் அடிப்படை

அகமுகர்களின் மூளைப் புறணி இயல்பிலேயே கூடுதல் கிளர்ச்சி நிலையில் இருக்கிறது என்று ஹான்ஸ் ஐசெங்க் 1967-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். எனவே வெளியிலிருந்து வரும் தூண்டல் அவர்களுக்கு விரைவில் மிகையாகிறது. புறமுகர்கள் தூண்டலைத் தேடுகின்றனர். 1997-இல் ஏட்ரியன் ஃபர்னமும் பிராட்லியும் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது. பாப் இசை ஒலித்தபோது, படித்துப் புரிந்துகொள்ளும் சோதனையிலும் சற்று நேரம் கழித்து நினைவுகூரும் சோதனையிலும் அகமுகர்கள் பின்தங்கினர்.

விமர்சனம்

முதலாவதாக, அந்த ஆய்வில் சோதிக்கப்பட்டவை மூளை உழைப்பு சார்ந்த பணிகள். படிப்பவரின் மனத்திலுள்ள சொற்களோடு பாடலின் சொற்கள் மோதக்கூடும். மிதிவண்டி மிதிப்பவருக்கு அத்தகைய மோதல் இல்லை. இசை அவரது கவனத்தைக் களைப்பிலிருந்து திருப்புகிறது. தாளம் அசைவை ஒழுங்குபடுத்துகிறது. படிப்புக்குக் கேடாகும் கவனத் திருப்பமே இங்கு உதவியாகிறது.

இரண்டாவதாக, உடல் உழைப்பே கிளர்ச்சியை உயர்த்துகிறது. வேகமாக ஓடும் புறமுகரும் அமைதியான நிலையில் இருப்பதில்லை. ஆகவே, உட்கார்ந்திருப்போரிடம் கண்ட வேறுபாடு ஓடுவோரிடமும் அதே அளவில் இருக்கும் என்பதை ஐசெங்கின் கோட்பாட்டிலிருந்தே பெற முடியாது. உழைப்பு மிகக் கடுமையாகும்போது மூச்சிரைப்பும் தசைவலியும் கவனத்தைப் பிடித்துக்கொள்வதால், இசை களைப்பை மறக்கச் செய்வதும் குறைகிறது.

மூன்றாவதாக, அகமுகம், புறமுகம் என்பவை ஒரே அளவுகோலின் இரு முனைகள். பெரும்பாலோர் நடுப்பகுதியில் உள்ளனர். அவர்களை இரு பெட்டிகளில் அடைத்து ஒப்பிடுவது வேறுபாட்டை உண்மையைவிடக் கூர்மையாகக் காட்டக்கூடும்.

உடல் உழைப்பு பற்றிய சான்றுகள்

நியூயார்க்கின் ஆறு நாள் மிதிவண்டிப் போட்டியில் இசைக்குழு வாசித்தபோது வீரர்கள் வேகமாக ஓட்டியதை லியோனார்ட் ஏயர்ஸ் 1911-இல் பதிவு செய்தார். ஆனால் பார்வையாளர் நிறைந்த போட்டியில் இசையின் விளைவை மட்டும் பிரித்தறிவது கடினம். 2020-இல் வெளியான, 139 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு உறுதியானது. இசை மனநிலையையும் செயல்திறனையும் மேம்படுத்தியது. உணரப்படும் களைப்பைக் குறைத்தது. எனினும் செயல்திறன் மீதான தாக்க அளவு 0.31 மட்டுமே, இதயத் துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

மதிப்பீடு

ஆளுமை வினாத்தாளைக் கொண்டு ஒருவருக்கு இசையை அனுமதிப்பதற்கோ மறுப்பதற்கோ இச்சான்றுகள் போதா. பணியில் சொற்களைக் கையாள வேண்டுமா, உழைப்பு எவ்வளவு கடுமையானது, இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலியைக் கேட்க வேண்டுமா என்பவற்றையே பயிற்சியாளரும் மேற்பார்வையாளரும் முதலில் பார்க்க வேண்டும். எச்சரிக்கை ஒலி கேட்காவிட்டால், வேலை செய்பவர் எந்த வகையினராயினும் ஆபத்து ஒன்றே.