முந்திரி எந்தக் கீயில் இருக்கு?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் ஒரு பிரிண்ட் அவுட் கொடுத்தேன். தாத்தாவின் நெல் கணக்கு நோட்டு. கரையான் தின்றது போக மிஞ்சிய அறுபது பக்கத்தை மூன்று மாசம் ராத்திரியில் உட்கார்ந்து டைப் செய்திருந்தேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல அப்பா எழுதுனது எங்கடா? நீ எழுதுனதுதானே இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நோட்டில் காணி, மா, அரைக்கால் என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிக்குறி உண்டு. அதை டைப் செய்யும் வழி தெரியாமல் நான் 0.0125, 0.05, 0.125 என்று போட்டுவிட்டேன். கூட்டல் என்னவோ சரியாகத்தான் வந்தது. ஆனால் நான் 0.15 என்று போட்ட இடத்தில் தாத்தா மும்மாவுக்கான ஒரே குறியைப் போட்டாரா, மாவையும் இருமாவையும் தனித்தனியாக எழுதினாரா என்று இப்போது சொல்ல முடியாது. தெளிவாக இருந்த குறி எது, மை தேய்ந்து நான் ஊகித்துப் படித்த குறி எது என்பதும் போச்சு. மூலத்தைப் படி எடுக்கிறவன் செய்யவே கூடாத தப்பு.

'கம்ப்யூட்டரில் அந்தக் குறியெல்லாம் கிடையாது' என்று தப்பிக்கவும் வழியில்லை. 2003இல் வந்த யூனிகோட் 4.0 பதிப்பிலேயே நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹, எண் ௺ என எட்டுக் குறிகள் சேர்ந்துவிட்டன. 2019 மார்ச்சில் வந்த 12.0 பதிப்பில் தமிழுக்கு ஒரு கூடுதல் தொகுதியே கொடுத்தார்கள், மொத்தம் 51 குறிகள். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) போன்ற பின்னங்கள்; ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைகள்; காசு, பணம், பொன், வராகன். நன்செய்க்கும் புன்செய்க்கும்கூட குறி இருக்கிறது. அரை என்பதற்கு இரண்டு வடிவம் வழக்கில் இருந்ததால் இரண்டுக்கும் தனித்தனி இடம். அவ்வளவு கவனமான வேலை. அப்போது அந்தச் செய்தியைப் பகிர்ந்து கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

கைதட்டியவன் ஒரு தடவையாவது டைப் செய்து பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்ப்போம். முந்திரியின் யூனிகோட் எண் 73664.

விண்டோஸில் ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு நம்பர் பேடில் எண்ணை அடிக்கும் வழி பலருக்குத் தெரிந்திருக்கும். 0176 அடித்தால் டிகிரி குறி ° வரும். அதே மாதிரி 73664 அடித்தால் என்ன வரும்? வேர்டில் முந்திரி வரலாம். ஆனால் பல பழைய மென்பொருள்களில் └ என்ற மூலைக்கோடு வந்து நிற்கும். காரணம் இதுதான்: அந்த மென்பொருள்கள் எண்ணை 256ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. 73664இல் மீதி 192. பழைய ஐபிஎம் பிசியின் எழுத்துப் பட்டியலில் 192ஆம் இடத்தில் இருப்பது கட்டம் போடுவதற்கான மூலைக்கோடு. தாத்தாவின் முந்திரியைக் கேட்டால் 1981ஆம் வருஷத்து அமெரிக்க மெஷினின் மூலைக்கோடு கிடைக்கிறது. லேப்டாப்பில் நம்பர் பேடே இல்லையென்றால் அதுவும் கிடைக்காது.

லினக்ஸ் கொஞ்சம் பரவாயில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தி, பதினாறடிமான எண்ணைக் கொடுத்தால் பல இடங்களில் வேலை செய்யும். மேக்கில் இதற்கென ஒரு உள்ளீட்டு முறை இருக்கிறது. அது நான்கிலக்க எண்ணைத்தான் வாங்கும். நம் குறியோ ஐந்திலக்கம். ஆகவே அதை இரண்டு நான்கிலக்கத் துண்டாக நீங்களே கணக்குப் போட்டு உடைத்துக் கொடுக்க வேண்டும். 1/320 என்று எழுத இவ்வளவு கணக்கு!

இதைப் படித்துவிட்டு, 'யாரும் பயன்படுத்தாத குறிக்கு எதற்கு வழி?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கதை பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது. பயன்படுத்துவதால் கீ கிடைத்த குறிகள் உண்டு. கீ கிடைத்ததால் பிழைத்த குறிகளும் உண்டு.

@ குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வியாபாரிகளின் குறி, பத்து மூட்டை @ ஐந்து ரூபாய் என்று விலைவீதம் எழுதுவதற்கு. 1971இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சலுக்கு ஒரு குறி தேடியபோது, அவர் முன்னால் இருந்த டெலிடைப் கீபோர்டில் அது இருந்தது. ஆள் பேரில் வராத குறியாகவும் இருந்தது. அவ்வளவுதான், உலகமெங்கும் போய்விட்டது. நம்மூரில் இன்றைக்கும் மெயில் ஐடி சொல்லும்போது "அட் த ரேட்" என்றுதானே சொல்கிறோம்? அந்தப் பழைய கணக்குப்பிள்ளை இன்னும் நம் வாயில் இருக்கிறார். அதே அமெரிக்க டைப்ரைட்டர்களில் சென்ட் குறி ¢ இருந்தது. 1963இல் வந்த ஆஸ்கி பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. கீபோர்டை விட்டே போனது. யூனிகோடில் இருக்கிறதே என்று யார் தேடிப் போகிறார்கள்?

நம் நாட்டிலேயே ஒரு ஜோடி இருக்கிறது. ₹ குறியை மத்திய அமைச்சரவை 2010 ஜூலையில் ஏற்றது. அக்டோபரில் யூனிகோடில் வந்தது. இன்று இங்கே விற்கும் பல கீபோர்டுகளில் 4 கீயின் ஓரத்தில் அச்சாகியே இருக்கிறது. இந்திய ஆங்கில லேஅவுட்டில் வலது ஆல்ட்டோடு 4ஐ அழுத்தினால் போதும். ௹ அதைவிட ஏழு வருஷம் மூத்தது. தமிழ்99 சார்ந்த சில மென்பொருள்களில் ஷிஃப்ட்டோடு வருகிறது; ஆனால் எந்தக் கீ என்று சொல்ல யாரும் இல்லை. முந்திரிக்கு அதுவும் இல்லை.

ஒவ்வொரு குறிக்கும் ஒரு கீ கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 247 எழுத்தை அடக்கவே திணறும் பலகையில் 51 குறிக்கு எங்கே போவது? ஆனால் நம்மிடம் ஒரு சொத்து இருக்கிறது: ஒவ்வொரு குறிக்கும் பெயர் உண்டு. போனில் 'சிரிப்பு' என்று அடித்தால் சிரிக்கும் முகத்தைப் பரிந்துரைக்கிறதே, 'காணி' என்று அடித்தால் காணிக் குறியைப் பரிந்துரைக்கக் கூடாதா? அந்தச் சிரிப்பு முகத்தின் எண்ணும் ஐந்திலக்கம்தான். எனவே தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போட முடியாது. யூனிகோடில் இடம் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்த நம் மேல்தான் போட வேண்டும். உள்ளீட்டு மென்பொருள் எழுதுகிறவர்கள், அதைச் சோதிக்கிறவர்கள், என்னைப் போல் கைதட்டிவிட்டுப் போனவர்கள், எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

என் பங்குக்கு ஒரு சின்ன வேலை செய்தேன். லினக்ஸில் கம்போஸ் என்று ஒரு கீ வைத்துக்கொள்ளலாம். அதை அழுத்தி 1, 4 என்று அடித்தால் ¼ வரும். அதன் பட்டியலில் நாமே வரிகள் சேர்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 51 குறிக்கும் அதன் பெயரின் முதல் எழுத்துகளை வைத்துச் சேர்த்தேன். திரையில் தெரிவதற்கு நோட்டோ குடும்பத்தில் தமிழ்க் கூடுதல் தொகுதிக்கான எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு வாரத்தில் விரலுக்குப் பழகிவிட்டது.

இப்போது நோட்டை முதலிலிருந்து மறுபடி டைப் செய்கிறேன். ஊகித்த குறி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறேன். அங்கே மும்மா என்று நினைத்து 0.15 போட்டிருந்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு குறி: ஒரு மா, பிறகு ஒரு இருமா. இரண்டுக்கும் மையின் நிறம் வேறு. இரண்டு தடவையாக வந்த நெல் போல. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெரியப்பாவிடம் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.